மருந்துப் பாட்டிலில் நான் போட்ட மூன்று கோடுகள்

அன்றைக்கு என் மகள் எவ்வளவு மருந்து குடித்தாள்? ஆஸ்பத்திரியில் நாலு பேர் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டார்கள். இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது. மகள் நன்றாக இருக்கிறாள். நான் இதை எழுதும்போது சோபாவுக்கு அடியில் உருண்டுபோன பந்தைக் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருக்கிறாள். அதனால் படிப்பவர்கள் பயப்பட வேண்டாம். நான் எழுதுவது அவளைப் பற்றி மட்டுமல்ல. அவளைப் பகலில் வைத்துப் பார்த்துக்கொண்ட அக்காவைப் பற்றியும். அன்று நடந்ததற்கு அந்த அக்காதான் காரணம் என்று எங்கள் தாமான் குடியிருப்பில் எல்லோரும் நம்புகிறார்கள். என் கணவரும் நம்புகிறார். அப்படி நம்பும்படி விட்டவள் நான்.

எங்கள் தாமான் ஈப்போவிலிருந்து காரில் இருபது நிமிடம். முன்பு இது ரப்பர் தோட்டம். தோட்டத்தை விற்றபோது தொழிலாளர் லயத்து வீடுகளில் இருந்தவர்களுக்கு இங்கேயே வரிசை வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். நாங்கள் பிறகு வந்தவர்கள். கடைசி வரிசையில் ஒருவர் விற்ற வீட்டை வாங்கினோம். நான் சுங்காய்க்காரி, என் கணவர் தெலுக் இந்தான். அவர் ஜொகூரில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்கிறார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சனிக்கிழமை பஸ்ஸில் வந்து, ஞாயிறு மாலை கிளம்பிவிடுவார். மற்ற நாளெல்லாம் நானும் பிள்ளையும்தான்.

எங்கள் வரிசையில் மற்றவர்கள் எல்லோரும் தோட்டத்து நாளிலிருந்தே ஒருவரையொருவர் அறிந்தவர்கள். யார் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் வரவில்லை என்பதுவரை ஞாபகம் வைத்திருப்பார்கள். அந்தப் பேச்சில் எனக்கு நுழைய இடமில்லை. நான் காலையில் நல்ல சட்டை போட்டுக்கொண்டு காரில் போவதைப் பார்த்து டீச்சர் என்று நினைத்திருந்தார்கள். நான் டீச்சர் இல்லை. ஒரு ஆரம்பப் பள்ளியின் அலுவலகத்தில் கிளார்க். பெற்றோருக்குப் போகும் அறிவிப்புகளை மலாயிலும் தமிழிலும் எழுதுவது என் வேலைகளில் ஒன்று. எந்த நாள், எந்தக் கதவு, பிள்ளை என்ன கொண்டுவர வேண்டும் என்று யாரும் திரும்பக் கேட்காதபடி எழுதுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பேறுகால விடுப்பு முடிந்தபோது பிள்ளையை யாரிடம் விடுவது என்று தெரியாமல் ஒரு வாரம் தூங்கவில்லை. என் அம்மா சுங்காயில் அண்ணனின் இரட்டைப் பிள்ளைகளோடு மாட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் நாலு வீடு தள்ளியிருந்த அக்கா தானாகக் கேட்டார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கணவர் இல்லை. ஒரே மகளைக் காம்பாரில் கட்டிக் கொடுத்திருந்தார். ஏற்கெனவே பக்கத்து வரிசைத் தாயொருத்தியின் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் நாள் நான் இரண்டு பக்கத்துக்கு எழுதிக் கொண்டுபோனேன்: எத்தனை மணிக்குப் பால், எத்தனை மணிக்குத் தூக்கம், எந்தப் பக்கம் படுக்கவைக்க வேண்டும். அக்கா தாளை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்தவர். தமிழ் நன்றாக வாசிப்பார். மலாய் பேசுவார், வாசிப்பதென்றால் நேரமாகும்.

"இவ்ளோ எழுதிக் குடுக்கறியே, பிள்ளையா மெஷினா?" என்றார். ஆனாலும் அந்தத் தாளை ஐஸ்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டிக்கொண்டார். ஒரு வருடத்துக்கு மேல் அது அங்கேயே இருந்தது.

தினமும் மாலை ஐந்தரைக்குப் பிள்ளையை எடுக்கப் போவேன். நான் கேட்காமலே அக்கா தே-ஓ, பால் இல்லாத தேநீர், கலக்கி வைப்பார். அவர் வீட்டு அடுக்களை நாற்காலியில் அரை மணி நேரம் உட்காருவேன். பிள்ளை அன்று செய்த குறும்பையெல்லாம் நடித்துக் காட்டுவார். நானும் பள்ளியில் நடந்ததைச் சொல்வேன். ஒரு நாளில் நான் வேலை விஷயம் இல்லாமல் இன்னொரு பெரிய ஆளிடம் பேசுவது அந்த அரை மணி மட்டும்தான். அப்போது அதை நான் எண்ணிப் பார்த்ததில்லை.

மகளுக்கு ஒன்றே முக்கால் வயது ஆனபோது காய்ச்சல் வந்தது. பெரிய காய்ச்சல் இல்லை. வேலை முடிந்து அவளைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் தொண்டையைப் பார்த்துவிட்டு வைரஸ்தான், மூன்று நாளில் போய்விடும் என்றார். மருந்து கொடுக்கும் பெண் பெரிய கேனிலிருந்து சின்ன பிளாஸ்டிக் பாட்டிலில் சிவப்பு மருந்தை ஊற்றி, ஒரு வெள்ளை ஸ்டிக்கரை ஒட்டி, ஊசி இல்லாத ஒரு சிரிஞ்சையும் பையில் போட்டாள்.

வீட்டுக்கு வந்து ஸ்டிக்கரை வாசித்தேன். மகளின் பெயர், தேதி. அதன் கீழே மலாயில், காய்ச்சல் மருந்து, ஐந்து மில்லி, நாளுக்கு மூன்று முறை, தேவைப்பட்டால். மருந்தின் பெயரும் வீரியமும் மூலையில் பேனாவால் கிறுக்கியிருந்தன. மருந்து வழிந்த இடத்தில் மை பரவியிருந்தது. "தேவைப்பட்டால்" என்ற சொல்லில் நான் நின்றுவிட்டேன். தேவை என்று யார் முடிவு செய்வது? உடம்பு எவ்வளவு சுட்டால் தேவை? நானே குழம்பும்போது அக்கா என்ன செய்வார்? அதுவும் மலாயில்.

அதனால் அக்காவுக்காக நானே தமிழில் எழுதி ஒட்ட முடிவு செய்தேன். கனமான வெள்ளைத் தாளில் பாட்டிலின் உயரத்துக்கு ஒரு நீளத் துண்டு வெட்டினேன். மேலே "காய்ச்சல் மருந்து, 5 மில்லி" என்று எழுதினேன். கீழே ஸ்கேல் வைத்து, சம இடைவெளி விட்டு, மூன்று குறுக்குக் கோடுகள் போட்டேன். ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் காலை, மதியம், மாலை. கொடுத்து முடித்ததும் அக்கா அந்தந்தக் கோட்டின்மேல் ஒரு டிக் போட வேண்டும் என்பது என் எண்ணம். கொடுத்தோமா இல்லையா என்ற சந்தேகம் வரக்கூடாதல்லவா? மார்க்கர் பேனாவைக்கூடப் பையில் வைத்தேன். ஆனால் கோடு டிக் போடுவதற்கு என்பதை எழுதவில்லை. பார்த்தாலே தெரியும் என்று நினைத்தேன். "தேவைப்பட்டால்" என்பதையும் விட்டுவிட்டேன். தெளிவில்லாத சொல் எதற்கு என்று. பிறகு அந்தத் துண்டைக் கிளினிக் ஸ்டிக்கரின்மேலேயே ஒட்டி, நனையாமல் இருக்கக் கண்ணாடி டேப்பைச் சுற்றினேன். அழகாக இருந்தது. படம் எடுத்து என் கணவருக்கு அனுப்பினேன். அவர் கட்டைவிரல் படம் போட்டார்.

மறுநாள் காலை வீட்டிலேயே ஒரு வேளை மருந்து கொடுத்தேன். சிரிஞ்சைக் கழுவித் தட்டுக் கூடையில் காய வைத்தேன். அது அங்கேயே இருந்துவிட்டது. அக்கா வீட்டு வாசலில் காரை அணைக்காமலே இறங்கி, பிள்ளையையும் பையையும் கொடுத்து, எல்லாம் பாட்டிலில் எழுதி ஒட்டியிருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அக்கா பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, போய்ட்டு வா, நான் பாத்துக்கறேன் என்றார்.

மறுநாள் பொது விடுமுறை என்பதால் அன்று பள்ளியில் வேலை குவிந்திருந்தது. மாலையில் நான் போனபோது பிள்ளை அக்கா மடியில் துவண்டு உட்கார்ந்திருந்தாள். உடம்பு சுடவில்லை. சட்டை மாறியிருந்தது. தே-ஓ தயாராக இருந்தது. நான் நாற்காலியை இழுத்தபோது அக்கா சொன்னார்:

"மருந்து நாளைக்குப் பத்தாதுலா. வேற பாட்டில் வாங்கிரு."

எனக்கு முதலில் புரியவில்லை. புது பாட்டில். மூன்று நாளைக்குக் கொடுத்தது. மேசைமேல் பார்த்தேன். சிவப்பு மருந்து அடியில் கொஞ்சமாக நின்றது. அதன் மட்டம் நான் "மாலை" என்று எழுதிய கோட்டுக்கு நேராக, ஸ்கேல் வைத்ததுபோல, சரியாக இருந்தது.

"எப்படிக்கா குடுத்தீங்க?"

"எப்படின்னா? கோட்டுக்குத்தான். மத்தியானம் மத்தியானக் கோடு வரைக்கும். நாலு மணிக்கு மாலைக் கோடு வரைக்கும். துப்பித் துப்பித்தான் குடிச்சா, ரெண்டு சட்ட மாத்திட்டேன்."

டிக் எதுவும் இல்லை, காலைக் கோட்டில் நானும் போட்டிருக்கவில்லை. பேனா பையிலேயே இருந்தது. நான் பாட்டிலையும் பிள்ளையையும் எடுத்துக்கொண்டு எழுந்தேன். என் முகத்தைப் பார்த்து அக்காவும் எழுந்தார். என்னம்மா, என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே வாசல்வரை வந்தார். அதிகமாகக் கொடுத்துவிட்டீர்கள் அக்கா, ரொம்ப அதிகம் என்றேன். நைட்டியில் துடைத்துக்கொண்டிருந்த அவர் கை அப்படியே நின்றது.

"நானும் வாரேன்."

"வேணாம்க்கா."

அந்த ஒரு சொல்லை நான் இப்போது பலமுறை நினைத்துப் பார்க்கிறேன். காரில் பின்சீட்டில் ஆள் இருந்திருந்தால் எனக்குத்தான் உதவியாக இருந்திருக்கும். சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் திரும்பித் திரும்பிப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு தனியாக ஓட்டினேன். கண்ணாடியில் அக்கா கேட்டைப் பிடித்தபடி சிறிதாகிக்கொண்டே போனார்.

ஆஸ்பத்திரியில் இளம் மலாய் டாக்டர் ஒருவர் பார்த்தார். பதற்றமே இல்லாத குரல். பிள்ளை எத்தனை கிலோ? மருந்து எப்போது கொடுத்தீர்கள்? எவ்வளவு உள்ளே போனது? எவ்வளவு துப்பினாள்? துப்பியதற்குப் பதிலாகத் திரும்பக் கொடுத்தார்களா? நான் அக்காவுக்குப் போன் செய்து கேட்டேன். அக்கா அழுதுகொண்டிருந்தார், கொஞ்சம் சேர்த்துக் கொடுத்த மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது என்றார். டாக்டர் கடைசியாக, மருந்தின் வீரியம் என்ன என்று கேட்டார். இதே காய்ச்சல் மருந்து இரண்டு வீரியத்தில் வருகிறதாம். ஒன்று மற்றதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. லேசானதென்றால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம், மற்றதென்றால் கவனமாக இருக்க வேண்டும் என்றார்.

வீரியம் ஸ்டிக்கரில் இருந்தது. ஸ்டிக்கர் என் தாளுக்கு அடியில் இருந்தது. ஒரு நர்ஸ் ஈரப் பஞ்சால் தேய்த்துத் தேய்த்து, நகத்தால் மெதுவாக உரித்தாள். என் தாள் வந்தது. அதோடு ஸ்டிக்கரின் மேல்தோலும் சேர்ந்து வந்தது. "மூன்று முறை" என்பது மட்டும் பாட்டிலில் மிஞ்சியது. கிளினிக்குக்குப் போன் செய்தோம். விடுமுறைக்கு முதல் நாள், சீக்கிரமே அடைத்துவிட்டார்கள்.

டாக்டர் உரித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு, இதை யார் ஒட்டியது என்று கேட்டார். நான் சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது. "மருந்து கொடுத்தது பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவர்" என்றேன். அவர் கேட்டது அதை அல்ல. அவருக்கு நேரமில்லை, தலையாட்டி எழுதிக்கொண்டு போய்விட்டார். நான் பொய் சொல்லவில்லை என்று அப்போது என்னிடமே சொல்லிக்கொண்டேன்.

இரத்தம் எடுத்தார்கள். வார்டில் வைத்துப் பார்த்தார்கள். மறுநாள் காலை முடிவு வந்தபோது, இந்த மருந்து அதிகமானால் கெடக்கூடிய ஈரல் நன்றாக இருக்கிறது, பயமில்லை என்றார்கள். என் கணவர் கிடைத்த முதல் பஸ்ஸைப் பிடித்து மதியம் வந்து சேர்ந்தார். சட்டையில் கிரீஸ்கூடப் போகவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். பிறகு என்னிடம் சொன்னார்: "இனிமே அந்த அக்காகிட்ட விட வேணாம். எழுதி ஒட்டியும் இப்படிப் பண்ணியிருக்காங்க."

நான் சரி என்றேன். அந்தக் கோடுகளைத்தான் அக்கா அளவாக எடுத்துக்கொண்டார் என்று சொல்லவில்லை. அவர் கைப்பேசியில் நான் அனுப்பிய படம் இருந்தது. அதில் கோடுகள் தெளிவாகத் தெரியும். அவருக்கும் அது டிக் போடும் இடமாகத்தான் தெரிந்திருக்கிறது. அவர் என்னைப் போலவே பார்த்திருக்கிறார் என்பதில் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதி தப்பு என்று அப்போதே உள்ளுக்குள் தெரிந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது மருந்தகச் சன்னலில் ஒரு பெண் எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னார். எங்கள் ஸ்டிக்கரின்மேல் எதையும் ஒட்டாதீர்கள். மருந்தின் பெயர், வீரியம், எவ்வளவு, எத்தனை மணிக்கு ஒருமுறை, எந்த நாள் வாங்கியது, எல்லாம் எப்போதும் தெரிய வேண்டும். புரியாவிட்டால் இங்கேயே நின்று கேளுங்கள், வீட்டுக்குப் போய் ஊகிக்காதீர்கள். அளக்கிற பொருளைப் பாட்டிலோடு ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள். கடைசியாக ஒரு புது சிரிஞ்சை எடுத்து, கறுப்பு மார்க்கரால் அதில் ஒரு கோடு போட்டார். "இந்தக் கோடு வரைக்கும்" என்றார்.

நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் இருந்தவர் இருமினார், நகர்ந்தேன்.

கிளினிக் திறந்த பிறகு கேட்டேன். லேசான மருந்தாகத்தான் இருக்கும், ஆனால் அந்த வாரம் இரண்டு வீரியத்துக் கேனும் திறந்திருந்தது என்றாள் மருந்து கொடுக்கும் பெண். ஆக, அதுவும் நிச்சயமில்லை.

மறு வாரத்திலிருந்து மகள் டவுனில் ஒரு தஸ்காவுக்கு, பிள்ளைகள் காப்பகத்துக்கு, போகிறாள். சுத்தமான இடம். வாசலிலேயே கேமரா. சேரும்போது ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள்: எந்த மருந்தும் கொடுக்க மாட்டோம், பிள்ளைக்கு உடம்பு சரியில்லையென்றால் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் மருந்துச் சீட்டை வாசிக்க வேண்டிய அவசியமே இல்லை. மூக்கு ஒழுகினாலும் நான் விடுப்பு எடுக்கிறேன். தலைமையாசிரியர் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

காலையில் அக்கா வீட்டைத் தாண்டித்தான் கார் போக வேண்டும். முதல் சில நாள் அக்கா கேட் அருகே நின்றார். மகள் சீட்டில் எக்கி, அவர் பக்கம் கையை நீட்டுவாள். நான் தலையை அசைத்துவிட்டு வண்டியை நிறுத்தாமல் போவேன். பிறகு அக்கா அந்த நேரத்தில் வெளியே வருவதில்லை. மாலையில் நேராக வீட்டுக்கு வருகிறோம். நான் எனக்கு மட்டும் தே-ஓ கலக்குகிறேன். ஒரு கோப்பைக்கு எவ்வளவு தூள் போடுவது என்றே எனக்குப் பழகவில்லை. ஒரு நாள் கசக்கும், ஒரு நாள் வெந்நீர்போல இருக்கும். டிவியைச் சத்தமாக வைக்கிறேன். மகளிடம் பள்ளியில் நடந்ததைச் சொல்லிப் பார்த்தேன். அவள் என் வாயைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

அந்த நாட்களில் வீட்டிலிருந்த எல்லா மருந்தையும் எடுத்து மேசைமேல் பரப்பி வாசித்தேன். ஒன்றில் "டாக்டர் சொன்னபடி" என்று மட்டும் இருந்தது. எந்த டாக்டர், என்ன சொன்னார் என்று எனக்கு ஞாபகமில்லை. ஒரு களிம்பில் "மெல்லியதாக". ஒரு மாத்திரை உறையில் சூரியன் படமும் நிலா படமும். சூரியன் என்றால் காலையா மதியமா? இத்தனை வருடம் நான் பெற்றோருக்கு எழுதிய அறிவிப்புகளை எத்தனை பேர் வேறு மாதிரி வாசித்திருப்பார்கள் என்று நினைத்தேன். அவர்கள் திரும்பக் கேட்காததால், புரிந்துகொண்டார்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து, மளிகைக் கடையில் பக்கத்து வரிசைத் தாயைப் பார்த்தேன். அவளும் தன் பிள்ளையை அக்காவிடமிருந்து எடுத்துவிட்டாளாம். எனக்கு நன்றி சொல்வதுபோலச் சொன்னாள். "உங்களுக்கு ஆனது கேட்டுப் பயந்துட்டேன்லா. அக்காவுக்கு மருந்து அளக்கவே தெரியலையாமே." நான் பால்மாவு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு ஏதோ முனகினேன். இல்லை, கோடு நான் போட்டது என்று சொல்ல வாய்வரை வந்தது. கடையில் நாலு பேர் இருந்தார்கள்.

அடுத்த ஞாயிறு, மாதா கோயிலில் பூசை முடிந்து அதே உடுப்போடு மகளைத் தூக்கிக்கொண்டு நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். பூசைக்கு முன் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றிருந்தேன், பாதியில் விலகிவிட்டேன். ஃபாதரிடம் சொல்வது சுலபம். அது அவரைத் தாண்டிப் போகாது. நான் சொல்ல வேண்டியதோ வெளியே போக வேண்டிய செய்தி.

அக்கா கதவைத் திறந்தார். மகளைப் பார்த்ததும் கை தானாக நீண்டது. பாதியில் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். நான் பிள்ளையைக் கொடுத்தேன். அவள் அவர் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஐஸ்பெட்டிக் கதவில் என் இரண்டு பக்கத் தாள் அப்படியே இருந்தது. அடுக்களை நாற்காலியில் உட்கார்ந்தேன். ஏன் கோட்டுக்குக் கொடுத்தீர்கள் என்று அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டேன். மூன்று வாரம் நான் அதைக் கேட்கவே இல்லை.

அக்கா சொன்னார். பதினெட்டு வயதில் அவருக்குத் தோட்டத்து ஆயாக்கொட்டாயில் வேலை. ரப்பர் மரம் சீவப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடம். பிள்ளைக்கு உடம்பு சரியில்லையென்றால் தோட்டத்து ஆஸ்பத்திரியிலிருந்து மருந்து வரும். அங்கே மருந்து கொடுப்பவரை டிரஸ்ஸர் என்பார்கள். அந்த டிரஸ்ஸர் பழைய ஆள். பாட்டிலின் பக்கத்தில் நீளமாக ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, அதில் சம இடைவெளியில் கோடு போட்டு அனுப்புவார். ஒரு வேளைக்கு மருந்து ஒரு கோடு இறங்க வேண்டும். வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியும். அக்கா மேசையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து, கட்டைவிரல் நகத்தால் வரிசையாகக் கீறிக் காட்டினார்.

"நாப்பது பிள்ளைக்கு மேல குடுத்திருக்கேன் அப்படி. அளவு ஒரு நாளும் தப்புனதில்ல. உன் பாட்டிலப் பாத்தேன். அதே வெள்ளத் தாளு. அதே கோடு. நீ காலையில குடுத்துட்டு அனுப்புன மருந்தும் காலைக் கோட்டுக்கு ஒட்டித்தான் நின்னுச்சு."

காலையில் நான் கொடுத்தது ஐந்து மில்லி. மட்டம் அந்தக் கோட்டில் நின்றது தற்செயல். அதை அவரிடம் சொன்னேன். மேலே 5 மில்லி என்று எழுதியிருந்ததே என்றும் கேட்டேன். என் குரலில் இன்னும் என் பக்கத்தைக் காப்பாற்றும் ஆசை இருந்தது.

"எழுதியிருந்துச்சு. அஞ்சு மில்லி எவ்ளோன்னு அளக்க நீ ஒன்னும் வைக்கலையே. கோடு ஒவ்வொன்னும் அதுவாத்தான் இருக்கும்னு நெனச்சேன். பெரிய கோடா இருக்கேன்னு ஒரு தடவ தோணுச்சு. படிச்ச பிள்ள போட்ட கோடு, சரியாத்தான் இருக்கும்னு குடுத்துட்டேன்."

போன் செய்திருக்கலாமே என்று நான் கேட்கவில்லை. வேலை நேரத்தில் அவசரமில்லாமல் கூப்பிடாதீர்கள், தலைமையாசிரியர் பார்ப்பார் என்று சொன்னவள் நான்தான்.

அக்கா எழுந்து அடுப்பைப் பற்றவைத்தார். ஒரு இடுப்பில் பிள்ளை. என் பக்கம் திரும்பாமலே கேட்டார்: "நீ போட்ட கோட்டுக்குத்தான் நான் குடுத்தேன்னு உன் வீட்டுக்காரர்கிட்ட சொன்னியா?"

நான் ஐஸ்பெட்டிக் கதவிலிருந்த தாளைப் பார்த்தேன்.

"ம்" என்றார். தண்ணீர் கொதித்ததும் தூளைப் போட்டுக் கலக்கினார். தே-ஓவை என் முன் வைத்துவிட்டு, "பிள்ளைய எப்ப வேணா கொண்டு வா. பாத்துக்கறேன். ஆனா மருந்து மட்டும் எழுதி அனுப்பாத. நான் தொட மாட்டேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அது போன ஞாயிறு. வரும் சனிக்கிழமை என் கணவர் வருகிறார். அவரிடம் சொல்லப்போகிறேன். அதில் இப்போது எனக்குச் சந்தேகமில்லை. எப்படித் தொடங்குவது என்பதில்தான் இருக்கிறது. இரண்டு முறை போனில் ஆரம்பித்துவிட்டு மழையைப் பற்றிப் பேசி முடித்தேன். அவருக்குச் சொன்ன பிறகு பக்கத்து வரிசைத் தாயிடம் சொல்ல வேண்டும். அவள் மூலமாகப் பரவியது அவள் மூலமாகவே திரும்புமா என்று தெரியவில்லை. பழி போகும் வேகத்தில் அது துடைபட்ட செய்தி போவதில்லை. அக்காவின் வீட்டில் இப்போது பகலில் ஒரு பிள்ளையும் இல்லை.

அதனால் இதைப் படிக்கும் தாய்மாரிடம் இரண்டு விஷயம் கேட்கிறேன். வேலைக்குப் போகும்போது பிள்ளையை வேறொருவரிடம் விட்டு, மதிய மருந்தையும் அவர் கையில் கொடுப்பவர்கள் நீங்கள். அவருக்கு எப்படிச் சொல்கிறீர்கள்? எழுதுகிறீர்களா, அவர் முன்னால் ஒருமுறை அளந்து காட்டுகிறீர்களா, அவரை அளக்கச் சொல்லிப் பார்க்கிறீர்களா? ஸ்டிக்கரை மறைக்காமல் அவர் மொழியில் எங்கே எழுதுகிறீர்கள்? இனி மருந்தைத் தொட மாட்டேன் என்று சொன்னவரை மறுபடி நம்பவைக்க ஏதாவது வழி உண்டா?

இரண்டாவது, இதுபோல உங்கள் தவறு இன்னொருவர் தலையில் விழுந்து, நீங்கள் ஒரு மாதம் சும்மா இருந்திருக்கிறீர்களா? பிறகு சொன்னீர்களா? எந்த வார்த்தையில் தொடங்கினீர்கள்? வீட்டுக்காரரிடம் சொன்னால் போதுமா, அல்லது அந்தக் கடையில், அந்த நாலு பேர் முன்னாலேயே சொல்ல வேண்டுமா? சனிக்கிழமைக்குள் முடியாவிட்டாலும் பரவாயில்லை, எழுதுங்கள்.